வால்வு ஆம்ப் வாங்கலாமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வீட்டில் பாட்டுக் கேட்க ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறேன். நண்பர் வீட்டு வால்வு (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் போட்ட) ஆம்ப்பில் கேட்டதிலிருந்து வேறெதுவும் பிடிக்கவில்லை, குரல் அப்படி இழைகிறது. 300பி வால்வு போட்ட 8 வாட்ஸ் ஆம்ப் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 85 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள சிறிய ஸ்பீக்கர். வால்வா, டிரான்சிஸ்டரா?

கே.

அன்புள்ள கே,

இந்த ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு அந்த ஆம்ப்பை வாங்காதீர்கள்.

85 டெசிபல் என்பது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளிக் கேட்கும் சத்தம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட்ஸ் இரட்டிப்பாக வேண்டும். 8 வாட்ஸில் 94 டெசிபல், அவ்வளவுதான், நீங்கள் உட்காரும் இடத்துக்கு வரும்போது அது இன்னும் குறையும். மெதுவாகக் கேட்டால் சமாளிக்கலாம். ஆனால் பாட்டில் ஒரு டிரம் அடி விழும்போது சத்தம் சராசரியைவிட 10, 15 டெசிபல் எகிறுவது சாதாரணம், அங்கே ஆம்ப் திணறும். வால்வு திணறுவது டிரான்சிஸ்டர் மாதிரி கரகரவென்று கேட்காது, மழுங்கலாகக் கேட்கும், அதையும் சிலர் இனிமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 95 டெசிபல் ஸ்பீக்கரில் இதே 8 வாட்ஸ் 104 டெசிபல் தரும். உங்களுடையதில் அதை எட்ட 80 வாட்ஸ் வேண்டும்.

சரி, அந்த இழைவு எங்கிருந்து வருகிறது? ஒரு பங்கு இரண்டாம் ஹார்மோனிக்கிலிருந்து, அதாவது மூல சுரத்தோடு ஆம்ப் தானாகச் சேர்க்கும் இரு மடங்கு அதிர்வெண் ஒலியிலிருந்து. மூல சுரத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே விழுவதால் காதுக்கு அது பிழையாகவே படாது, குரல் கொஞ்சம் கனத்தது போலத்தான் இருக்கும். இன்னொரு பங்கை யாரும் பேசுவதில்லை. இந்த வகை வால்வு ஆம்ப்புக்கு அவுட்புட் இம்பீடன்ஸ் (ஸ்பீக்கருக்கு மின்சாரம் அனுப்பும் இடத்தில் ஆம்ப்புக்குள்ளேயே இருக்கும் மின்தடை) அதிகம். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரும் அதிர்வெண்ணைப் பொறுத்து 5 ஓம், 30 ஓம் என்று ஏறி இறங்கும், ஆம்ப்பின் சத்தமும் கூடவே ஏறி இறங்கும். ஆக நீங்கள் கேட்டது ஆம்ப்பை மட்டும் அல்ல, அந்த ஸ்பீக்கரோடு அது சேர்ந்ததை. 1985இல் பாப் கார்வர் என்ற அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்பைத் திருத்தி, ஸ்டீரியோஃபைல் பத்திரிகைக்காரர்கள் தேர்ந்தெடுத்த விலையுயர்ந்த வால்வு ஆம்ப் போலவே ஒலிக்க வைத்தார். அவர்களால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. (வால்வு ரசிகர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.)

அதற்காக வால்வே வீண் என்று சொல்லமாட்டேன், எனக்கும் பிடிக்கும். நண்பரின் ஸ்பீக்கர் எத்தனை டெசிபல் என்று விசாரியுங்கள், முடிந்தால் உங்கள் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய் அவர் ஆம்ப்பில் மாட்டிக் கேளுங்கள். சப்பென்றிருந்தால் நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்றை வாங்கிவிட்டு மறந்துவிடுங்கள். இல்லை, வால்வுதான் வேண்டும் என்றால் முதலில் ஸ்பீக்கரை மாற்றுங்கள், ஆம்ப் அப்புறம்.

அப்படி வாங்கினால் சில சில்லறைத் தொல்லைகள் உண்டு. நன்றாகச் சுடும், பவர் வால்வுகள் சில ஆயிரம் மணி நேரத்தில் தேய்ந்துவிடும். உள்ளே 300, 400 வோல்ட் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும், அதனால் மூடியைத் திறக்காதீர்கள். ஸ்பீக்கர் வயரை மாட்டாமல் ஆன் செய்யவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடக்கூடும்.