ஐயவாதிகள் மாநாட்டுக்கு முதல் முறை: கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கான கேள்வி பதில்

அமெரிக்காவில் நடக்கும் சிஎஸ்ஐகான் போன்ற ஐயவாதிகள் (ஸ்கெப்டிக்ஸ்) மாநாடுகளுக்குப் போக ஆசைப்பட்டும் கூச்சத்தால் தயங்கி நிற்கும் நண்பர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். மாயவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ராண்டியின் அறக்கட்டளை டாம் என்ற மாநாட்டை நடத்திவந்த காலத்திலிருந்தே இக்கூட்டங்களுக்குப் போய்வருகிறேன். அறிமுகமில்லாதவரிடம் முதல் வார்த்தை பேசுவது எனக்கும் இன்றுவரை எளிதாக வரவில்லை. அந்த அனுபவத்தைக் கொண்டே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (நியூ ஜெர்சியிலிருந்து): அங்கே என்னதான் நடக்கும்? எல்லோரும் ஒருவரோடு ஒருவர் வாதம் செய்துகொண்டே இருப்பார்களா? எனக்கு வாதம் செய்ய வராது.

வாதம் செய்யத் தெரிய வேண்டியதில்லை. 1976-இல் பால் கர்ட்ஸ் என்ற மெய்யியல் பேராசிரியர் முன்னின்று, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பகுதியில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். பேய், சோதிடம், பறக்கும் தட்டு, பார்வையால் கரண்டியை வளைப்பது போன்ற கூற்றுகளைக் கேலி செய்து ஒதுக்கிவிடாமலும், கேட்டவுடன் நம்பிவிடாமலும், முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். வானியலாளர் கார்ல் சேகன், எழுத்தாளர்கள் ஐசக் அசிமோவ், மார்ட்டின் கார்ட்னர், உளவியலாளர் ரே ஹைமன், ராண்டி ஆகியோர் தொடக்க காலத்திலேயே அதில் இருந்தவர்கள். சிகாப் என்று அறியப்பட்ட அந்த அமைப்பு 2006-இல் பெயரைச் சுருக்கி சிஎஸ்ஐ ஆயிற்று. அது நடத்தும் சிஎஸ்ஐகான் மாநாடு 2011-இல் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிப் பின்னர் பல ஆண்டுகள் லாஸ் வேகாஸில் நடந்தது. ஊரும் மாதமும் மாறக்கூடியவை என்பதால் விமானச் சீட்டு எடுக்கும் முன் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஓர் ஆறுதல் சொல்கிறேன். பகலின் பெரும்பகுதி எல்லோரும் ஒரே அரங்கில், மேடையைப் பார்த்தபடி, பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாரிடமும் ஒரு சொல் பேசாமல் மாநாடு முழுவதையும் கேட்டுவிட்டுத் திரும்புவது முற்றிலும் இயலும். அப்படித் திரும்பியவர்களும் நிறையக் கற்றுக்கொண்டுதான் திரும்பியிருக்கிறார்கள்.

கேள்வி (டல்லாஸிலிருந்து): துணைக்கு யாரும் இல்லை. நான் மட்டும் தனியாக நிற்பதை எல்லோரும் கவனிப்பார்கள் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. எப்படிச் சமாளிப்பது?

இது வந்த கேள்விகளிலேயே முக்கியமானது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

"எல்லோரும் கவனிப்பார்கள்" என்பது ஒரு கூற்று. மாநாட்டில் மற்ற கூற்றுகளை எப்படி அணுகுகிறார்களோ அப்படியே இதையும் அணுகலாம், ஏனெனில் இது ஏற்கெனவே சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்று. கார்னல் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர் ஒருவருக்கு, போட்டுக்கொள்ள அவரே வெட்கப்படக்கூடிய பனியன் ஒன்றைக் கொடுத்தார்கள். பாடகர் பேரி மேனிலோவின் முகம் பெரிதாக அச்சிடப்பட்ட பனியன் அது. அதை அணிந்துகொண்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அவர் நுழைந்தார். வெளியே வந்ததும், எத்தனை பேர் அந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று அவரிடம் கேட்டார்கள். அணிந்தவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர் என்று மதிப்பிட்டார்கள். அறையில் இருந்தவர்களைக் கேட்டபோது, நால்வரில் ஒருவர்கூடச் சரியாகக் கவனித்திருக்கவில்லை. கிலோவிச் சிஎஸ்ஐ அமைப்பில் மதிப்புறு உறுப்பினர் என்பதையும் இங்கே சொல்லிவைக்க விரும்புகிறேன்.

இந்த முடிவைப் படித்தவுடன் பயம் போய்விடாது, எனக்கும் போகவில்லை. ஆகவே நீங்களே சோதித்துப் பாருங்கள். முதல் நாள் காலை அறையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தாளில், "தேநீர் இடைவேளையில் தனியாக நின்றால் குறைந்தது ஐந்து பேர் என்னை வெறித்துப் பார்ப்பார்கள்" என்று உங்கள் மனம் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இடைவேளையில் கைப்பேசிக்குள் புகுந்துகொள்ளாமல் தலையை நிமிர்த்திச் சுற்றிலும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் காப்பி வரிசையையோ நிகழ்ச்சி நிரலையோ பார்த்துக்கொண்டிருப்பதையும், உங்களைப் போலவே தனியாக வந்த சிலர் சுவரோரமாக நிற்பதையும் காண்பீர்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இந்தச் சான்று கண்ணில் படாமலே போகும் என்பதுதான் சங்கடம்.

நடைமுறை யோசனை ஒன்று. மாநாடு லாஸ் வேகாஸில் என்றால், அங்குள்ள விடுதிகளில் அறையிலிருந்து மாநாட்டு அரங்குக்குப் போக, சிகரெட் புகையும் சூதாட்ட இயந்திரங்களின் ஓயாத ஓசையும் நிறைந்த கேஸினோ தளத்தைப் பெரும்பாலும் கடந்தாக வேண்டும். முந்தைய நாள் மாலையே வந்து, அந்த வழியை ஒரு முறை நடந்து பார்த்து, பேட்ஜையும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். காலையில் வழி தெரியாமல் தடுமாறும் பதற்றம் கூச்சத்தோடு சேர்ந்துகொண்டால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கேள்வி (சியாட்டிலிலிருந்து): பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன பேசுவது?

"இதுவரை கேட்ட உரைகளில் எது உங்களுக்குப் பிடித்தது?" என்று கேளுங்கள். அதுவே போதும், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். பேசி முடித்துப் பிரிந்த பிறகு, "உளறிவிட்டேன், அவருக்கு என்னைப் பிடித்திருக்காது" என்று மனம் சொல்லும். புதியவர்களைச் சந்தித்துப் பேசியவர்கள், எதிரில் இருந்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்திருந்தது என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று 2018-இல் வெளியான எரிகா பூத்பி குழுவினரின் ஆய்வு காட்டியது. கூச்சம் மிகுந்தவர்களிடம் அந்த இடைவெளி இன்னும் பெரிது.

கேள்வி (சான் ஹோசேயிலிருந்து): நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவள். அங்கே போனால் என் நம்பிக்கையை அவமதிப்பார்களா?

மார்ட்டின் கார்ட்னர் கடவுள் நம்பிக்கை உள்ளவராகவே இருந்தார். போலி அறிவியலைத் தோலுரிப்பதில் அவருக்கு இணையாக அந்தத் தலைமுறையில் ஒருவரைக் காட்டுவது கடினம். ஆனால் கடவுள் உண்டென்று தாம் நம்புவதையும், அதற்குச் சான்று காட்ட இயலாது என்பதையும் அவர் வெளிப்படையாகவே எழுதினார். சோதித்துப் பார்க்கக்கூடிய கூற்றுகளே இந்த அமைப்பின் வேலை என்ற பார்வை தொடக்கத்திலிருந்தே வலுவாக இருந்துவந்திருக்கிறது. வருகிறவர்களில் பெரும்பாலோர் கடவுள் மறுப்பாளர்கள் என்பதும், மேடையிலோ உணவு மேசையிலோ மதத்தைப் பற்றிக் கடுமையான பேச்சு காதில் விழக்கூடும் என்பதும் உண்மை. அதை மறைத்து உங்களை அழைப்பது நேர்மையாகாது. உங்கள் நம்பிக்கையை யாருக்கும் விளக்கவேண்டிய கட்டாயம் இல்லை. விளக்க விரும்பினால், பொறுமையாகக் கேட்பவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

கேள்வி (அட்லாண்டாவிலிருந்து): எனக்கு அறிவியல் பட்டம் இல்லை. ஒலிவாங்கி முன்னால் நின்று கேள்வி கேட்க எனக்குத் தகுதி உண்டா?

எமிலி ரோசா என்ற சிறுமியைப் பற்றிச் சொல்கிறேன். நோயாளியைத் தொடாமல், உடலைச் சுற்றியுள்ள "ஆற்றல் புலத்தை" உள்ளங்கையால் உணர்ந்து குணப்படுத்துவதாகச் சொல்லும் தெரப்யூட்டிக் டச் என்ற முறை அமெரிக்கச் செவிலியர்களிடையே பரவியிருந்தது. கொலராடோவில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒன்பது வயது எமிலி, பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக ஓர் அட்டைத் தடுப்பில் இரண்டு துளைகள் போட்டாள். சிகிச்சையாளர் அத்துளைகள் வழியே இரு கைகளையும் நீட்ட, மறுபுறம் இருந்த எமிலி நாணயத்தைச் சுண்டி, விழுந்த பக்கத்துக்கு ஏற்ப ஏதேனும் ஒரு கைக்கு மேலே தன் கையைக் கொண்டுபோனாள். எந்தக் கைக்கு அருகில் அவள் கை இருக்கிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 21 சிகிச்சையாளர்கள் 280 முறை முயன்று 123 முறை சரியாகச் சொன்னார்கள்; அது 44 விழுக்காடு, கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் கிடைக்கக்கூடிய பாதியைவிடக் குறைவு. 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் அதை வெளியிட்டபோது எமிலிக்குப் பதினொரு வயது. தகுதி அந்தக் கேள்வியில்தான் இருந்தது.

ஒலிவாங்கிக்குப் போவதாக இருந்தால் கேள்வியை முன்கூட்டியே ஒரே வாக்கியமாக எழுதிக்கொண்டு போய்ப் படித்துவிடுங்கள். அதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. அதுவும் முடியாது என்றால், நூலில் கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்று கேளுங்கள். அந்த வரிசையில் உங்கள் முறை தானாகவே வரும், எதிரில் ஒருவர்தான் இருப்பார், பின்னால் ஆட்கள் காத்திருப்பதால் பேச்சும் தானாகவே முடிந்துவிடும்.

கேள்வி (சிகாகோவிலிருந்து): நான் தனியாகப் பயணம் செய்யும் பெண். மது அருந்தும் பழக்கமும் இல்லை. மாலைச் சந்திப்புகளைத் தவிர்த்துவிடலாமா?

தவிர்க்க வேண்டியதில்லை, லெமன் பிழிந்த சோடா வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. மாநாடுகளில் பெண்கள் சந்திக்கும் தொந்தரவுகள் குறித்து 2011-ஐ ஒட்டி இவ்வியக்கத்துக்குள்ளேயே கடுமையான வாக்குவாதம் எழுந்தது. அதன் பிறகு பல மாநாடுகள் நடத்தை விதிகளை எழுத்தில் வெளியிடத் தொடங்கின. பணம் கட்டும் முன் அவ்விதிகள் இருக்கின்றனவா, யாரிடம் புகார் செய்வது என்று குறிப்பிட்டிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள். அப்படி எதுவும் வெளியிடாத கூட்டத்துக்கு என் தங்கையை நான் அனுப்பமாட்டேன்.

கேள்வி (பாஸ்டனிலிருந்து): ஹாலோவீன் விருந்துக்கு வேடம் போட்டுத்தான் வர வேண்டுமா?

வேண்டாம். சாதாரண உடையில் வருகிறவர்களும் உண்டு. ஆனால் வேடம் கூச்சத்துக்கு நல்ல மறைவு என்பதை யோசித்துப் பாருங்கள், பேச்சையும் அதுவே தொடங்கிவைக்கும். இறந்தவர்களோடு பேசுவதாகச் சொன்ன ஆவியுலக இடைத்தரகர்களின் ஏமாற்றுகளை ஊர் ஊராக அம்பலப்படுத்திய மாயவித்தைக் கலைஞர் ஹூடினி 1926-இல் மறைந்ததும் ஹாலோவீன் நாளான அதே அக்டோபர் 31-ஆம் நாள்தான். அவருடைய மனைவி பெஸ், கணவரிடமிருந்து செய்தி வருமா என்று பத்தாண்டுகள் காத்திருந்து, 1936-இல் ஹாலிவுட் விடுதி ஒன்றின் மொட்டைமாடியில் இறுதியாக ஒரு முறை முயன்றுவிட்டு, வரவில்லை என்று அறிவித்தார்.

கேள்வி (டொராண்டோவிலிருந்து): யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன் நான். இது வெள்ளையர்களின் கூட்டம், நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்ற எண்ணம் தடுக்கிறது.

அரங்கில் நம்மவர்கள் குறைவு என்பது மெய். ஆனால் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியாது. கொழும்பு தர்ஸ்டன் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ஆபிரகாம் கோவூர், அற்புத ஆற்றல் உண்டென்று ஏமாற்றற்ற சூழலில் மெய்ப்பிப்பவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறைகூவல் விடுத்தார். அதே போன்ற அறைகூவலுக்கு ராண்டி அறிவித்திருந்த பரிசு பத்து லட்சம் டாலராக உயர்ந்தது அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். கோவையை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்த், அங்கிருந்தே இந்தியன் ஸ்கெப்டிக் என்ற ஆங்கில இதழை நடத்தினார். வெறுங்கையிலிருந்து விபூதி கொட்டுவது எப்படி என்று ஊர் ஊராகச் செய்துகாட்டினார். இவர்களைப் பற்றி அறிய அங்கே ஆவல் கொண்டவர்கள் இருக்கிறார்கள். பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று தயங்குகிற உங்களிடம் மற்றவர்களிடம் இல்லாத செய்திகள் இருக்கின்றன.

கேள்வி (லண்டனிலிருந்து): மூன்று நாள் கூட்டம் எனக்கு மலைப்பாக இருக்கிறது. சிறிதாகத் தொடங்க வழி உண்டா?

உங்கள் ஊரிலேயே உண்டு. ஸ்கெப்டிக்ஸ் இன் த பப் என்ற மாலைக்கூட்டம் 1999-இல் லண்டனில்தான் தொடங்கியது. பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. ஓர் உரை, ஓர் இடைவேளை, கொஞ்சம் கேள்வி நேரம், அதோடு முடிந்தது.

கேள்வி (ஹூஸ்டனிலிருந்து): கூட்டம் என்றாலே மூச்சு முட்டுகிறது, அலுவலகக் கூட்டங்களையே தவிர்த்துவருகிறேன். உங்கள் யோசனைகள் எனக்கு உதவுமா?

நீங்கள் சொல்வது கூச்சத்தைத் தாண்டிய நிலை போலத் தெரிகிறது. மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ முதலில் பாருங்கள். பயந்து எதிர்பார்ப்பதை எழுதிவைத்துச் சிறிது சிறிதாகச் சோதிப்பது நன்கு நிலைபெற்ற சிகிச்சை முறை. அதைத் தெரிந்தவர் துணையோடு செய்வதே உங்களுக்கு நல்லது.

கேள்வி (சான் டியாகோவிலிருந்து): எங்கள் ஊரில் என் பெரியப்பா உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பார், ஆழ்துளைக் கிணறு போடும் இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அவர் பொய்யர் அல்லர். இதைப் பற்றி மாநாட்டில் பேச எனக்கு ஆசை, ஆனால் மேடை என்றால் நடுக்கம்.

கட்டாயம் பேசுங்கள். இம்மாநாடுகளில், வந்திருப்பவர்களே தங்கள் ஆய்வைச் சில நிமிடங்களில் முன்வைக்க ஞாயிறு காலையில் நேரம் ஒதுக்கும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. சுருக்கத்தை முன்பே அனுப்பித் தேர்வாக வேண்டும்.

உங்கள் பெரியப்பா பொய்யர் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனம் எதிர்பார்ப்பதை, தான் செய்கிறோம் என்றே அறியாமல் தசைகள் செய்துவிடுகின்றன என்பதை கார்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852-இலேயே விளக்கினார். உள்ளங்கையில் நிலையற்றுக் கிடக்கும் தேங்காய்க்கு மணிக்கட்டின் மிகச் சிறிய அசைவே போதும். ராண்டி 1980-இல் ஆஸ்திரேலியாவில் நீர் பார்ப்பவர்களைச் சோதித்தபோது, புதைத்த பத்துக் குழாய்களில் ஒன்றை மட்டும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து அதில் நீர் பாய்ச்சினார். சோதனை முறை நியாயமானது என்று முன்பே ஒப்புக்கொண்டு, பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவோம் என்று நம்பியவர்களுக்கு, மொத்தத்தில் கிடைத்தது தற்செயலை ஒட்டிய வெற்றிதான். அவர்களும் மனமார நம்பியவர்களே.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பெரியப்பா சம்மதித்தால், மூடிய பத்து வாளிகளை வைத்து இதையே செய்து பாருங்கள். எந்த வாளியில் நீர் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியக்கூடாது, அருகில் நிற்கும் உங்களுக்கும் தெரியக்கூடாது. நீர் ஊற்றியவர் அந்த இடத்தைவிட்டுப் போய்விட வேண்டும். எத்தனை முறை செய்வது, எத்தனை சரியாக வந்தால் வெற்றி என்பதைத் தொடங்கும் முன்பே இருவரும் பேசி எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளும், வாளிகளின் படமும், முடிவுகளின் அட்டவணையும் இருந்தால் உரைக்குப் போதும். மேடையில் எழுதிவைத்ததைப் பார்த்துப் படிக்கலாம். சுருக்கம் எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.