பேய்ச் சுற்றுலா: கேட்டவர்களுக்குப் பதில்கள்

குழித்துறைக்காரன் நான். கொச்சி, திருவனந்தபுரம், பத்மநாபபுரம் பக்கம் வரும் தமிழ்ப் பயணிகளுக்கு வழிகாட்டி. தொழில் கற்றுக்கொள்வதற்காகவே வெளியூர்களில் இரவுப் பேய்ச் சுற்றுலாக்களுக்குக் காசு கொடுத்துப் போயிருக்கிறேன். அது பற்றிக் கேளுங்கள். செய்வினை, மாடியில் கொலுசுச் சத்தம் போன்றவற்றை வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை: ஐயா, மகள் எடின்பரோவில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிறோம். அங்கே பேய்ச் சுற்றுலா பிரபலமாமே, கொடுக்கும் காசுக்குத் தகுமா?

தகும் அம்மா, எதற்குப் போகிறோம் என்று தெரிந்து போனால். அந்த ஊரில் பேயைவிடக் கட்டடங்கள் சுவையானவை. மேரி கிங் சந்து என்று ஒன்று உண்டு. 1753இல் வணிகர் மாளிகை கட்டத் தொடங்கியபோது சந்து வீடுகளின் மேல்மாடிகளை இடித்துவிட்டு, கீழ்த்தளங்களையே அடித்தளமாக்கி மேலே எழுப்பிவிட்டார்கள். இன்றைக்கு அந்த வீடுகளுக்குள் இறங்கி நடக்கலாம். 1645 கொள்ளைநோயின்போது நோயாளிகளை உள்ளே வைத்துச் சுவர் எழுப்பிக் கொன்றார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு ஆதாரம் இல்லை. அடைபட்டிருந்தவர்களுக்கு நகர மன்றம் உணவு கொடுத்தது. நோய் வந்தது உண்மை, செத்தது உண்மை. அதுவே போதாதா?

அடுத்தது கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டம். 1679இல், அரசரின் சமயக் கட்டளையை ஏற்காமல் போரில் தோற்றவர்களை அதையொட்டிய திறந்தவெளியில் அடைத்து வைத்தார்கள். அவர்களை வேட்டையாடிய அரசு வழக்கறிஞர் ஜார்ஜ் மெக்கன்சியும் 1691இல் இறந்து அதே தோட்டத்தில் புதைக்கப்பட்டார். கதை கட்டுவதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனாலும் முந்நூறு வருடம் பெரிய பேச்சில்லை. 1998இல் வீடற்ற ஒருவர் மெக்கன்சியின் சமாதி மண்டபத்துக்குள் புகுந்த பிறகுதான் கீறல், மயக்கம் என்று புகார்கள் குவிந்தன. மறுவருடமே சுற்றுலா தொடங்கிவிட்டது. பூட்டி வைத்த பகுதிக்குள் முறையான அனுமதியோடு அழைத்துப் போகிறார்கள். பகலில் இலவசமாகத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவில் போங்கள், கதை இரட்டிப்பாகப் பிடிக்கும். இருட்டிலிருந்து ஆள் குதித்துக் கத்தும் சுற்றுலாக்களும் உண்டு. இதய நோய் உள்ளவர்கள் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

சித்தூர்: பேய் நிஜமாகவே வருமா?

வராது. வந்திருந்தால் டிக்கெட் இந்த விலைக்குக் கிடைக்காது.

கொழிஞ்சாம்பாறை: அவ்வளவு தூரம் போக முடியாது அண்ணே. கொச்சியில் ஏதாவது உண்டா?

உண்டு. ஃபோர்ட் கொச்சியில் டச்சுக் கல்லறைத் தோட்டம், 1724இல் தொடங்கியது. பெரும்பாலும் பூட்டியிருக்கும், வெளியிலிருந்து பார்க்கலாம். அதைக் காட்டிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அருகே மட்டாஞ்சேரியில் காப்பிரி முத்தப்பனைக் கேட்பாரில்லை. 1663இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது, ஓடப்போகும் போர்த்துக்கீசியர்கள் தங்கத்தைப் புதைத்து, காவலுக்குத் தங்கள் ஆப்பிரிக்க அடிமைகளையும் கொன்று கூடவே புதைத்தார்கள் என்பது கதை. அந்த அடிமையின் ஆவிக்குத்தான் மாங்காட்டுமுக்கில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். சுருட்டும் கள்ளும் படைக்கிறார்கள். கெட்ட பேயே இல்லை, வழி தவறியவனுக்கு வழி காட்டுகிறவன் என்கிறார்கள். சங்கிலியில் கட்டிக் கொண்டுவந்தவனை ஊர்க்காவலாக்கி வைத்திருக்கிறது அந்தத் தெரு. நல்ல பேய்ச் சுற்றுலா அங்கே ஒரு மணி நேரம் நிற்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: பூட்டிய கேட்டை, "வாட்ச்மேன் நம்ம ஆள்" என்று திறந்துவிடும் வழிகாட்டியிடம் போகாதீர்கள். பிடிபட்டால் வாட்ச்மேனும் அவனும் மாயமாகிவிடுவார்கள், நீங்கள் மட்டும் காவல் நிலையத்தில் இருப்பீர்கள்.

மார்த்தாண்டம்: ஒரு சுற்றுலாவில் கையடக்கக் கருவி வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்க முடியுமா?

அது மின்காந்தப் புலம் அளக்கும் கருவி. சுவருக்குள் ஓடும் வயர், உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசி, எதற்கும் எரியும். குளிர் காற்று, மங்கல் வெளிச்சம், காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி ஆகியவையும் உடம்பை ஏமாற்றும். இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளர், தன் ஆய்வுக்கூடத்தில் தெரிந்த சாம்பல் நிற உருவத்துக்குக் காரணம் ஒரு மின்விசிறி என்று கண்டுபிடித்து 1998இல் எழுதினார். நொடிக்கு ஏறத்தாழ 19 அதிர்வு. நம் ஊரில் கருவிகூட வேண்டாம். மழைக்காலம் முடியும் தறுவாயில் ஏழிலைப்பாலை பூக்கும், இரவில் வாசனை தலையைச் சுற்றும். அந்த மரத்தடியில் நிறுத்தி "யட்சி வந்துவிட்டாள்" என்றால் ஆள் வேர்த்துப்போவார்.

தென்காசி: நீங்கள் போன இடத்தில் பேய் கண்ணுக்குத் தெரிந்ததா?

சித்தூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பாறசாலை: போனக்காடு பங்களாவுக்கு இரவில் ஜீப்பில் கூட்டிப் போவதாக ஒருவர் சொல்கிறார்.

போகாதீர்கள். அது அகத்தியமலை அடிவாரக் காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. அங்கே இரவில் நிஜமாகவே எதிரே வருவது யானை. கேட்டைப் பற்றி மேலே சொன்னது காட்டுக்கும் பொருந்தும்.

களியக்காவிளை: எடின்பரோ, கொச்சி எல்லாம் சரி அண்ணாச்சி. நாகர்கோவில் பார்வதிபுரத்துப் பக்கம் நம் கள்ளியங்காட்டு நீலி இருக்கும்போது வேறு பேய் எதற்கு?

நானும் அதைத்தான் கேட்கிறேன். திருவனந்தபுரம் நெடுஞ்சாலையில் வண்டிகள் தினமும் அவள் காட்டைத் தாண்டிப் போகின்றன. ஒரு நடைச் சுற்றுலாகூட இல்லை. அவளை இசக்கி அம்மனாகக் கும்பிடும் கோயில்களில், கொடைத் திருவிழாவின்போது வில்லுப்பாட்டுக்காரர்கள் விடிய விடியப் பாடும் கதை அது.

நகரி: மன்னிக்கவும் ஐயா, நீலி எங்கள் பக்கத்தவள். பழையனூர் நீலி. நீங்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

சண்டைக்கு வந்துவிட்டீர்கள், நல்லது. பழையனூர்க் கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கணவனால் கொல்லப்பட்டவள் மறுபிறவியில் பேயாகி, வணிகனாகப் பிறந்துவிட்ட அவனைத் துரத்துகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக இடுப்பில் வைத்து, "என் புருஷன் என்னைக் கைவிடுகிறான்" என்று வேளாளர் சபையில் அழுகிறாள். "அவனுக்கு ஏதாவது ஆனால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று 70 வேளாளர்கள் வாக்குக் கொடுத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். காலையில் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலிக் கண்ணீர் என்கிறோமே, அந்தக் கண்ணீர். வயதில் உங்கள் கதைதான் மூத்தது, ஒப்புக்கொள்கிறேன். ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தரே திருவாலங்காட்டுப் பதிகத்தில் ஒருத்தி வஞ்சித்து உயிர் கொண்டதைச் சுட்டுகிறார். ஆனால் உங்கள் ஊரில் வேளாளர்களுக்குத்தான் மண்டபம். எங்கள் ஊரில் கொலையுண்டவளுக்குக் கோயில், கொடை, பொங்கல். யாரை யார் எடுத்துக்கொண்டது என்று இப்போது சொல்லுங்கள்.

திருவனந்தபுரம்: இருவருமே தப்பு. அவளைக் கடமற்றத்துக் கத்தனார் ஆணி அறைந்து அடக்கிவிட்டார்.

வந்தாரய்யா மூன்றாமவர். அது மலையாளக் கரையின் கதை. பாதிரியாருக்குப் புகழ் சேர்க்க ஒரு பேய் தேவைப்பட்டது. எங்கள் நீலியை யாரும் அடக்கவில்லை, பழி முடித்துத் தெய்வமானாள்.

நகரி: மண்டபம் மட்டும் போதாது என்கிறீர்களா? காரைக்கால் அம்மையாரே தன்னைப் பேய் என்று பாடிக்கொண்டு வந்து சேர்ந்த ஊர் ஐயா திருவாலங்காடு!

இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. எலும்பும் தோலுமாய்ப் பேயுரு வேண்டிப் பெற்று, சிவன் ஆடும் சுடுகாட்டில் பாட்டுப் பாடியவர் இருந்த ஊர், நீலியின் பக்கத்து ஊர். உலகத்தில் எந்த ஊர்ப் பேய்ச் சுற்றுலாவுக்கும் இது வாய்க்காது.

பாலக்காடு: அரசாங்கமே நடத்தும் பேய்ச் சுற்றுலா உண்டா?

டெல்லி அரசு 2023இல் மால்ச்சா மஹாலில் தொடங்கியது, துக்ளக் காலத்து வேட்டை மாளிகை. ராஜஸ்தானின் பாங்கர் கோட்டையைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். சூரியன் மறைந்த பின் நுழையக் கூடாது என்று தொல்லியல் துறை பலகை வைத்திருப்பதைப் பேய்க்கு அரசு கொடுத்த சான்றிதழ் என்று நினைக்கிறார்கள். அந்தத் துறையின் பெரும்பாலான சின்னங்களை மாலையில் பூட்டிவிடுவார்கள்.

புத்தூர்: பேய் தெரியவில்லை என்றால் காசு திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது.

சித்தூர்: அப்படியானால் திருவாலங்காட்டுக்கு எப்படிப் போவது?

சென்னை–அரக்கோணம் மின்சார ரயிலில் திருவாலங்காடு நிலையத்தில் இறங்கி, கோயிலுக்கு ஆட்டோ. பழையனூர்ப் பக்கம் தீப்பாய்ந்த மண்டபம் எங்கே என்று கேட்டால் ஊரில் சொல்வார்கள். வழிகாட்டி யாரும் இல்லை. நகரிக்காரர் ஓய்வாக இருந்தால் அவரைக் கேளுங்கள், கதை அவருக்குத் தெரியும்.