நிலநடுக்கம் நடந்த நாட்டுக்குக் கடலூரிலிருந்து பழைய துணி சேகரித்து அனுப்பலாமா?

துணி வேண்டாம், பணமாக அனுப்புங்கள். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கம் கடலடியில் நிலம் ஆடி அலை தேவனாம்பட்டினம் வரை வந்தபோது, நல்ல மனசோடு லாரி லாரியாக வந்த பழைய துணி சாலையோரம் குவிந்து வீணானது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதைப் பிரிக்கவே தனி ஆட்கள் தேவைப்படும்.

நிவாரணம் முதலில் பட்டியல் வேலை. எந்தக் குடும்பம் எங்கே தங்கியிருக்கிறது, கைக்குழந்தை, கர்ப்பிணி, சர்க்கரை நோயாளி யார் யார் என்று ஒரே பட்டியல் போட்டு, எல்லா அமைப்புகளும் அதைப் பார்த்தே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மெயின் ரோட்டு முகாமுக்கு மூன்று முறை சாப்பாடு போகும், உள்ளே இருக்கும் கிராமத்துக்கு ஒன்றுமே போகாது. ஸ்பியர் என்ற, நிவாரண வேலைக்கான சர்வதேசத் தரப்படி ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. அதில் வெளிச்சமும் உள்தாழ்ப்பாளும் இல்லையென்றால் பெண்கள் ராத்திரியில் போகவே பயப்படுவார்கள், தயவுசெய்து இதை முதல் நாளே யோசியுங்கள்.

2023 பிப்ரவரியில் துருக்கியில் 7.8 அளவில் ஆடியபோது அங்கே கடும் குளிர். கூடாரமும் கம்பளியும்தான் அவசரம், நம் பருத்திப் புடவை அல்ல. பணமாக இருந்தால் பக்கத்து ஊரிலேயே வாங்கிவிடலாம், அப்புறம் அங்குள்ள கடைகளும் பிழைக்கும். செஞ்சிலுவை, செம்பிறை மாதிரி ஏற்கெனவே அங்கே ஆட்கள் இருக்கும் அமைப்பாகப் பார்த்துக் கொடுங்கள்.