கிரான் என்றால் என்ன, குறித்த நேரத்தில் வேலை தானாக எப்படி ஓடுகிறது?

யூனிக்ஸ், லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இயங்குதளங்கள்) உள்ள கணினிகளில் சத்தமில்லாமல் ஓடும் ஒரு சின்ன புரோகிராம்தான் கிரான். இந்த நேரத்துக்கு இந்த வேலை என்று நாம் எழுதி வைத்த பட்டியலை நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்த்து, நேரம் வந்த வேலையைக் கிளப்பிவிடும், அவ்வளவுதான்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் விசில் ஊதி குமுளி வண்டியை எடுக்கச் சொல்வார் இல்லையா, அதே கதை. முன்னால் போன வண்டி மலையேறிவிட்டதா, லோயர் கேம்பிலேயே நிற்கிறதா என்பது அவர் கணக்கில் வராது. கிரானும் முந்தைய ஓட்டம் முடியாவிட்டாலும் அடுத்ததைக் கிளப்பிவிடும்.

நேரத்தை ஐந்து இடங்களாக எழுத வேண்டும்: நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை. 0 5 * * * என்றால் தினமும் காலை 5 மணி. நட்சத்திரக் குறிக்கு 'எதுவானாலும் சரி' என்று பொருள். நிமிஷம்தான் முதலில், மணி அப்புறம். நான் இதிலேயே பல தடவை சறுக்கியிருக்கிறேன்.

இங்கே ஒரு காய்கறிக் கடைக்காரருக்கு விடிகாலை 5 மணிக்கு விலைப்பட்டியல் போகும்படி வைத்துக் கொடுத்தேன், முதல் நாள் போய்ச் சேர்ந்தது 10.30க்கு, மனுஷர் அதற்குள் கொள்முதலே முடித்துவிட்டார். சர்வர் கடிகாரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருந்திருக்கிறது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். யூடிசியில் இரவு 11.30 என்றால் நமக்கு விடிகாலை 5, அதனால் 30 23 * * * என்று மாற்றியதும் சரியானது.

கணினி அணைந்திருந்தால், ஆன் செய்ததும் விட்ட வேலையைச் செய்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண கிரான் அப்படிச் செய்யாது, மறுபடி அந்த நேரம் வரும்வரை சும்மாதான் இருக்கும்.