மைக்கில் நடந்த தப்பு

கேள்வி: எங்கள் பள்ளி ஆண்டு விழாவைத் தொகுத்து வழங்கினேன். பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கிய மாணவனின் பெயரை முதல் பரிசுக்கு வாசித்துவிட்டேன். சிறப்பு விருந்தினர் கோப்பையும் கொடுத்துவிட்டார். அப்புறம் அதை அவனிடமிருந்து வாங்கி ஒரு மாணவியிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. பட்டியலை டைப் செய்தவர்தான் வரிசையைக் குழப்பியிருந்தார். ஆனால் பழி என் மேல். ஸ்டாஃப் ரூமில் தலைகாட்ட முடியவில்லை. வேலையை விட்டுவிடலாமா?
– ஓர் ஆசிரியை (பெயர், ஊர் வேண்டாம்)

பதில்: உங்கள் கடிதத்தில் உங்கள் அவமானம் இருக்கிறது, டைப் செய்தவர் இருக்கிறார், ஸ்டாஃப் ரூம் இருக்கிறது. அந்தப் பையன் என்ன ஆனான்? என்ன சொல்லிக் கோப்பையை வாங்கினீர்கள்? மைக்கில் ‘தப்பு என்னுடையது’ என்றீர்களா? ஒரு வரி இல்லையே, டீச்சர்!

2015 டிசம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த மிஸ் யுனிவர்ஸ் போட்டியில், பட்டம் கொலம்பியாவுக்கு என்று அறிவித்தார் தொகுப்பாளர் ஸ்டீவ் ஹார்வி. கிரீடம் ஏறி, அந்தப் பெண் கையசைத்து முடித்த பிறகு பார்த்தால், பட்டம் பிலிப்பைன்ஸுக்கு! ஹார்வி அதே மேடைக்கு வந்து, அதே மைக்கில் மன்னிப்புக் கேட்டார். முடிவு எழுதியிருந்த கார்டைத் தூக்கிக் காட்டி, பொறுப்பு தன்னுடையது, இந்தப் பெண்களைக் குறை சொல்லாதீர்கள் என்றார். கிரீடத்தைக் கழற்றி மாற்றிச் சூட்டியது முந்தைய ஆண்டு பட்டம் வென்றவர். அவரும் கொலம்பியாக்காரர்! பாவம்.

அந்தக் கார்டிலும் கோளாறு இருந்தது. வென்றவரின் பெயர் வலப்பக்கம் அடியில், கட்டைவிரல் மறைக்கும் இடத்தில். ஆனால் ஹார்வி மேடையில் அச்சடித்தவரை இழுக்கவில்லை. அன்றே ட்விட்டரில் போட்ட மன்னிப்பில் இரண்டு நாட்டின் பெயரையும் எழுத்துப்பிழையோடு எழுதி, அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பது தனிக்கதை. அடுத்த போட்டி 2017 ஜனவரியில், பிலிப்பைன்ஸின் மணிலாவிலேயே. தொகுத்து வழங்கியவர்? அதே ஹார்வி.

அடுத்த மாதம் ஆஸ்கார் மேடையில் சிறந்த படத்துக்கான உறை மாறி, தப்பான படத்தின் பெயரை வாசித்துவிட்டார்கள். உறைக்குப் பொறுப்பான இரண்டு கணக்காளர்களும் உடனே ஓடிவரவில்லை. நன்றியுரைகள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில், பரிசு கைவிட்டுப் போன படத்தின் தயாரிப்பாளரே மைக்கில் உண்மையைச் சொன்னார். அந்த இரண்டு கணக்காளர்களையும் மறுபடி ஆஸ்கார் வேலைக்கு விடவில்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: நாளைக் காலை பிரேயரில், எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள், தப்பாக வாசித்தது நான், இவன் மேல் ஒரு குறையும் இல்லை என்று. ‘பட்டியலில்…’ என்று ஆரம்பிக்க வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு சாக்லேட் கொடுப்பதும் வேண்டாம். அவன் அவமானப்பட்டது ஊர் முன்னால். அந்த மாணவிக்கும் அவசரத்தில் கைமாறிய கோப்பைதான் கிடைத்திருக்கிறது. தலைமையாசிரியரிடம் சொல்லி, அங்கேயே முறையாகக் கொடுக்க வைத்து, ஒரு போட்டோ எடுத்து அவள் வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஸ்டாஃப் ரூமா? அடுத்தவர் சொதப்பும்வரை உங்கள் கதை ஓடும். ராஜினாமா எல்லாம் வேண்டாம். அடுத்த ஆண்டு விழாவுக்கும் மைக்கை நீங்களே கேட்டு வாங்குங்கள். பட்டியலை மட்டும், முதல் பரிசுக்குத் தனித்தாள் வைத்து, கொட்டை எழுத்தில் நீங்களே டைப் செய்துகொள்ளுங்கள்.