நட்சத்திர ஆட்டக்காரராக இல்லாத ஒருவர் பெரிய பயிற்சியாளராக முடியுமா? கூடைப்பந்தில் யாராவது உண்டா?

முடியும். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு நினைவுக்கு வந்தவர் கெவின் ஆலி. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவை விடாமல் பார்க்கும் நம் ஆட்களிலேயே பலருக்கு இந்தப் பெயர் பழக்கமில்லை. 13 சீசன்கள், 662 ஆட்டங்கள், ஆட்டத்துக்குச் சராசரி 3.8 புள்ளிகள். ஆட்டக்காரராக அவர் கணக்கு அவ்வளவுதான்.

லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில், அதாவது யூகானில், பயிற்சியாளர் ஜிம் கால்ஹூனிடம் பாயின்ட் கார்டாக, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவராக, ஆடினார். என்பிஏ அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 1995-ல், எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. சிபிஏ என்ற சிறிய லீகில் ஆடிக் காத்திருந்து, 1997-ல் டாலஸ் வழியாக என்பிஏவுக்குள் வந்தார். அப்புறம் ஆர்லாண்டோ, சாக்ரமென்டோ, பிலடெல்ஃபியா, நியூ ஜெர்சி, சிகாகோ, இண்டியானா, மில்வாக்கி, சியாட்டில், கிளீவ்லாந்து, மினசோட்டா, ஓக்லஹோமா சிட்டி என்று ஊர் ஊராகப் போனார். ஆரம்ப வருடங்களில் அவருக்குக் கிடைத்தவற்றில் 10 நாள் ஒப்பந்தங்களும் உண்டு.

10 நாள் ஒப்பந்தம் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இவரைப் புரியும். ஜனவரிக்கு மேல், யாருக்காவது அடிபட்டு ஆள் குறையும்போது, அணிகள் வெளியிலிருந்து ஒருவரைப் பத்து நாளைக்குக் கூப்பிடலாம். ஒரே ஆளை ஒரு சீசனில் இரண்டு முறைதான் அப்படிக் கூப்பிட முடியும். அதற்கு மேல் வேண்டுமானால் சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அனுப்பிவிட வேண்டும். பாயின்ட் கார்டுக்கு இதில் கஷ்டம் இரட்டிப்பு. எங்கே நிற்க வேண்டும் என்று தனக்கு மட்டும் தெரிந்தால் போதாது. மற்ற நான்கு பேரும் எப்போது எங்கே நகர்வார்கள், யாருக்கு எந்தக் கையில் பந்து வேண்டும், பெரிய ஆள் எதிராளியை மறித்து ஸ்க்ரீன் வைத்துவிட்டு கூடையை நோக்கி எந்தப் பக்கம் திரும்பி ஓடுவார் எல்லாம் வந்திறங்கிய வேகத்தில் மண்டையில் ஏற வேண்டும். பயிற்சியாளரின் வேலையும் அதேதானே?

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டார் என்று இப்படிப்பட்டவர்களைப் பற்றிச் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் ஆயிரம் பேர். ஆலிக்கு நடந்ததைப் பாருங்கள். 2002-ல் ஜேலன் ரோஸ் சிகாகோவுக்குப் போன பெரிய டிரேடில் (அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்வது), பதிலுக்கு இண்டியானா போனவர்களில் இவரும் ஒருவர். மறுவருடம் கேரி பேட்டனைக் கொடுத்து ரே ஆலனை சியாட்டில் வாங்கியபோது, ஆலனோடு சேர்த்து அனுப்பப்பட்டவர்களிலும் இவர் இருந்தார். இரண்டு தடவையும் தலைப்புச் செய்தி வேறு ஆளைப் பற்றியது. அப்படி ஒரு லாக்கர் ரூமுக்குள் நுழைந்து, அங்கே இருப்பவர்களின் நம்பிக்கையை முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். அதையே தன் தொழிலாக வைத்திருந்தார் மனிதர். லெப்ரான் ஜேம்ஸின் முதல் சீசனில் கிளீவ்லாந்தில் கூட இருந்தார். கடைசி வருடம், 2009-10-ல், ஓக்லஹோமாவில் டுரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் எல்லோரும் சின்னப் பையன்கள். அதற்கு முந்தைய சீசனில் 23 ஆட்டங்கள் மட்டுமே ஜெயித்த அணி அந்த வருடம் 50 ஜெயித்தது. ஆலி பெரும்பாலும் பெஞ்சில்தான். ஆனாலும் அந்த அணியின் பழக்கவழக்கத்தையே மாற்றியவர் அவர்தான் என்று டுரான்ட் பின்னால் வெளிப்படையாகச் சொன்னார்.

2010-ல் ஓய்வு பெற்று யூகானுக்கே உதவிப் பயிற்சியாளராகத் திரும்பினார். 2012 செப்டம்பரில் கால்ஹூன் விலகியதும் பொறுப்பு இவரிடம் வந்தது, முதலில் ஏழு மாதத்துக்கு மட்டும். அணியோ உருக்குலைந்த நிலை. மாணவர்களின் படிப்புத் தேர்ச்சி குறைவாக இருந்ததால் அந்த சீசன் என்சிஏஏ, அதாவது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு, நடத்தும் தேசியப் போட்டியில் ஆடவே யூகானுக்குத் தடை. சிலர் வேறு கல்லூரிக்கு மாறினார்கள், சிலர் என்பிஏவுக்குப் போனார்கள். ஷபாஸ் நேப்பியர் போன்ற சிலர் நின்றார்கள். பரிசே இல்லாத அந்த சீசனில் 20 வெற்றி, 10 தோல்வி. என்னைக் கேட்டால் அவருடைய சிறந்த வேலை அதுதான், அடுத்த வருடக் கோப்பை கூட அதற்கு அப்புறம்தான்.

2014-ல் அந்த என்சிஏஏ போட்டிக்குள் ஏழாம் தரவரிசையில் வந்தார்கள். லீக் கட்டத்தின் கடைசி ஆட்டத்தில் லூயிவில்லிடம் 33 புள்ளி வித்தியாசத்தில் அடிவாங்கியிருந்த அணி. முதல் ஆட்டத்திலேயே செயின்ட் ஜோசப்ஸிடம் தோற்று வெளியே போயிருக்க வேண்டியது. ஒரு நிமிடம்கூட மீதியில்லை, மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறார்கள். கானாவிலிருந்து வந்த முதலாண்டு மாணவர் அமிடா பிரீமா, தவறிய பந்தைப் பிடித்துக் கூடையில் போட்டு ஃபவுலும் வாங்கி, அதற்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவையும் (யாரும் மறிக்காமல் எறியும், ஒரு புள்ளி தரும் வாய்ப்பு) போட்டார். ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் ஜெயித்தார்கள். அப்புறம் வில்லனோவா, அயோவா ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட், தொடர்ந்து 30 ஆட்டம் ஜெயித்து வந்த ஃபுளோரிடா எல்லாம் வரிசையாக விழுந்தன.

இறுதி ஆட்டம் நமக்கு ஏப்ரல் 8 காலை. எதிரணியான கென்டக்கியின் முதல் ஐந்து பேரும் முதலாண்டு மாணவர்கள், எல்லோரும் பெரிய பெயர்கள். யூகான் 60–54 என்று ஜெயித்தது. நேப்பியர் 22 புள்ளி. ஆனால் நான் காட்ட விரும்புவது ஃப்ரீ த்ரோ கணக்கை. யூகான் 10-க்கு 10. கென்டக்கி 24-க்கு 13. சிறிய உருவமுள்ள, அனுபவமுள்ள கார்டுகள், பந்தை விடாத தற்காப்பு, கையில் வந்ததை வீணாக்காத பழக்கம். ஆலி ஆட்டக்காரராக இருந்து எதனால் பிழைத்தாரோ, அவருடைய அணி அதையே செய்தது.

நட்சத்திரங்களுக்குப் பயிற்சி தர வராது என்று நான் சொல்லவில்லை. மேஜிக் ஜான்சன் 1994-ல் லேக்கர்ஸுக்கு 16 ஆட்டம் பயிற்சியாளராக இருந்து 11-ல் தோற்று விலகினார், உண்மை. ஆனால் இன்னொரு நட்சத்திரமான பில் ரஸல் பயிற்சியாளராகவும் கோப்பை வாங்கியவர்.

ஆலியின் கதை அதற்குப் பிறகு இறங்கியது, அதையும் சொல்ல வேண்டும். கடைசி இரண்டு சீசன்களில் வெற்றியைவிடத் தோல்வி அதிகம். என்சிஏஏ விதிமீறல்களைக் காரணம் காட்டி 2018 மார்ச்சில் யூகான் அவரை நீக்கி, மீதிச் சம்பளத்தைத் தர மறுத்தது. 2019-ல் என்சிஏஏவும் தண்டனை விதித்தது. அவர் விடாமல் வழக்காடினார். 2022 ஜனவரியில், 1.1 கோடி டாலருக்கு மேல் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று நடுவர் தீர்ப்பளித்தார். விதிமீறலை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் தடைக்காலத்தில் அந்தக் கல்லூரியைத் தூக்கி நிறுத்தியவரோடு முடிவு அப்படி ஆனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

2024 பிப்ரவரியில் புரூக்ளின் நெட்ஸ் அவரை இடைக்காலப் பயிற்சியாளராக்கியது. முன்பு நியூ ஜெர்சியில் இருந்தபோது அவர் ஆடிய அதே அணி. 28 ஆட்டங்களில் 11 வெற்றி. அடுத்த சீசனுக்கு வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். என்பிஏவில் ஒரு முழு சீசன், அக்டோபரிலிருந்து கடைசி ஆட்டம் வரை, ஓர் அணியை அவர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.