அவர் பதில் அனுப்பாத அந்த ஒரு மணி நேரம்

சகோதரி, சென்னையில் இருக்கும் கணவர் ஒரு மணி நேரம் பதில் அனுப்பாவிட்டால் பத்து முறை அழைத்து, அவர் எடுத்ததும் சண்டை போடுவதாக மன்னார்குடியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். அது சந்தேக புத்தி இல்லை, பயம். ஐந்து வயதில் பாட்டி வீட்டுத் திண்ணையில் அம்மா வரும் பஸ்ஸுக்குக் காத்திருந்ததையும் நீங்கள்தானே சொன்னீர்கள்? குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் உள்ள பிணைப்பு பற்றி மனநல மருத்துவர் ஜான் பௌல்பி சொன்னதை 1987இல் உளவியலாளர்கள் ஹசானும் ஷேவரும் காதல் உறவுக்குப் பொருத்திக் காட்டினார்கள். கைவிடப்படுவோமோ என்று அஞ்சும் மனம் மௌனத்தையே பிரிவாக எடுத்துக்கொள்கிறது. ஆண்களுக்கும் இது உண்டு. பெண்ணுக்கு மட்டும் நச்சரிப்பவள் என்று பெயர். எனக்கு அது ஆறவே ஆறாது.

மேட்டூர் அணை திறந்த அன்றே உங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவதில்லையே! இந்தப் பயமும் ஒரே நாளில் தீராது. சண்டையில்லாத ஓர் இரவில் அந்தத் திண்ணைக் கதையை அவரிடம் சொல்லுங்கள். தினமும் பேச ஒரு நேரத்தை இருவருமாக முடிவு செய்யுங்கள். தூக்கமே கெட்டால் 14416ஐ அழையுங்கள், அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.